சிறகு வைத்தது நான்தான்!

எங்கள் வீட்டுத் திண்ணைக்கு மரச் சிற்பம் வாங்க வருகிறவர்கள் தவறாமல் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. பிள்ளையாரைத் திருப்பிப் பார்ப்பார்கள். முதுகைத் தட்டிப் பார்ப்பார்கள். அப்புறம் மெதுவாகக் கேட்பார்கள்: "ஒட்டு இல்லாததுதானே?"

கேட்பதில் தப்பில்லை. எங்கள் ஊர் அரும்பாவூர். பெரம்பலூர் மாவட்டத்தில், பச்சைமலை அடிவாரத்தில் இருக்கிறது. தலையிலிருந்து பீடம் வரைக்கும் ஒரே கட்டையில் செதுக்கி எடுப்பதுதான் இந்த ஊர் வேலைக்குப் பேர். 2020-ல் அரும்பாவூர் மரச் சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கப்புறம் இந்தக் கேள்வி இன்னும் கொஞ்சம் அதிகமாகிவிட்டது.

ஆனால் சிறகு விரித்த பறவை என்றால் சேர்ப்பு இல்லாமல் முடியாது. விறகு பிளந்த சகோதரிகளுக்கு நான் சொல்வது உடனே புரியும். மரத்துக்கு ரேகை உண்டு. அடியிலிருந்து நுனிக்கு ஓடுகிற ரேகை. ரேகையோடு போனால் மரம் பலமாக இருக்கும். ரேகைக்குக் குறுக்கே மெல்லிசாகச் செதுக்கினால் முறுக்கு மாதிரிதான், விரல் பட்டாலே ஒடியும். அன்னப்பட்சி நிற்கிற வாக்கில் கட்டையை வைத்து, அதிலேயே இரண்டு பக்கமும் சிறகைக் குடைந்தெடுத்தால், சிறகு முழுக்கக் குறுக்கு ரேகையாகிவிடும். அதனால் சிறகைத் தனிப் பலகையில், தோளிலிருந்து நுனி வரைக்கும் ரேகை நீளமாக ஓடும்படி செதுக்கி, அப்புறம் உடம்போடு சேர்க்க வேண்டும். நிஜப் பறவைக்கும் சிறகில் எலும்பு அந்த வாக்கில்தானே ஓடுகிறது!

என் மாமனார் இதை ஒரே வரியில் சொல்லிவிடுவார். "மரம் பத்தாம வைக்கிறது ஒட்டு. மரம் கேட்டு வைக்கிறது சேர்ப்பு."

நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தது 1998-ல். பிறந்த ஊர் ஆத்தூர். அப்பா நகை வேலை செய்கிறவர். பத்தாம் வகுப்பு பாஸ் பண்ணினேன், அதற்கு மேல் படிக்க வைக்கவில்லை. நாலு வருஷம் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கணக்கு எழுதினேன். கல்யாணமாகி வந்த மறுநாள் காலையில் கோலம் போட வெளியே வந்தால், திண்ணையில் முறம் மாதிரி இரண்டு பெரிய மரச் சாமான் சாய்த்து வைத்திருந்தது. முறமென்றே நினைத்து நகர்த்தப் போனேன்.

"அதைத் தொடாதே கண்ணு, கருடனோட சிறகு. மாமா வந்துதான் எடுப்பார்" என்றார் அத்தை.

அன்றிலிருந்து அந்தச் சிறகு வேலையை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தேன். உளி பிடித்து உடம்பு செதுக்குவது என் கணவர். உப்புத்தாள் தேய்ப்பது, தண்ணீர் கொடுப்பது, செதுக்கின சில்லைக் கூட்டி அள்ளுவது அத்தையும் நானும். சிறகு வைப்பது மட்டும் மாமாதான். மகனைக்கூட ரொம்ப நாள் அதில் கை வைக்க விடவில்லை.

ஒரு நாள் வெங்காயம் உரித்துக்கொண்டே நான் பார்ப்பதை மாமா கவனித்துவிட்டார்.

"ஏம்மா, உங்கப்பா தங்கத்தைப் பத்த வைக்கிறப்போ பொடி போட்டு ஊதறதுக்கு முன்னால என்ன செய்வார்?"

"ரெண்டு வாயும் சந்து இல்லாம சேருதான்னு வெளிச்சத்துல பிடிச்சுப் பார்ப்பார் மாமா. சேரலைன்னா அரம் போடுவார். சந்தைப் பொடி அடைக்கும்னு நம்பக் கூடாதுன்னு சொல்லுவார்."

மாமா சிரித்தார். "அதேதான் இங்கயும். சந்தைப் பசை அடைக்கும்னு நம்பினவன் சிறகு என்னைக்கும் நிக்காது. இங்க வா."

அப்படித்தான் நான் கற்றுக்கொண்டேன். பாடம் என்று உட்கார வைத்து யாரும் சொல்லித் தரவில்லை. அடுப்பில் சோறு கொதிக்கிற நேரம், குழந்தை தூங்குகிற நேரம் என்று கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டதுதான்.

சிறகின் அடியில் அதே மரத்திலேயே ஒரு நாக்கு விட்டுச் செதுக்குவார்கள். பறவையின் தோளில் அந்த நாக்கு நுழைகிற அளவுக்குப் பள்ளம் தோண்டுவார்கள். அதற்கு வாய் என்று பேர். சிறகு அகல விரிந்திருப்பதால் அதன் பாரம் முழுக்க இந்த நாக்கில்தான் வந்து விழும். நீளமான அகப்பையில் குழம்பு மொண்டு கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள், வலி மணிக்கட்டில்தான் தெரியும். அது மாதிரி.

நாக்கு வாயில் எங்கே இடிக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. மாமா விளக்குக் கரியை நாக்கில் பூசி, உள்ளே விட்டு, வெளியே எடுப்பார். வாயின் சுவரில் கரி ஒட்டின இடம் இடிக்கிற இடம். அங்கே மட்டும் உளியால் ஒரு சீவல். மறுபடியும் கரி, மறுபடியும் சீவல். இப்படிப் பத்துத் தடவை, இருபது தடவை. நான் செய்கிறபோது விளக்குக் கரிக்குப் பதிலாக என் கண்மை டப்பாவை எடுத்துக்கொண்டேன். கரியைவிட அது மெல்லிசாகப் படிகிறது. மாமா அதைப் பார்த்துவிட்டு, "ஆத்தூர்க்காரி மூளை" என்றார். இந்த வீட்டில் எனக்குக் கிடைத்த முதல் பட்டம் அது.

இரண்டு சிறகும் ஒரே மாதிரி விரிந்திருக்கிறதா என்று பார்க்க நூல்தான் கருவி. மூக்கு நுனியிலிருந்து வலது சிறகு நுனிக்கு ஒரு நூல், இடது சிறகு நுனிக்கு ஒரு நூல். வால் நுனியிலிருந்தும் அதே போல. ஜோடிக்கு ஜோடி நூல் ஒத்துப் போனால் சிறகு சரி. கண்ணை நம்பினால் ஒரு பக்கம் ஏறிவிடும்.

அப்புறம் பசை. மாமா காலத்தில் வச்சிரம் காய்ச்சுவார்கள். வீடெல்லாம் நாறும். இப்போது ஃபெவிகால்தான். நாக்கில் ஒரு மெல்லிய காடி கீறிவிட வேண்டும், இல்லையென்றால் உள்ளே அடைபட்ட காற்றும் பசையும் சிறகை வெளியே தள்ளும். கடைசியாக அடிப்பக்கத்திலிருந்து குறுக்கே ஒரு மூங்கில் ஆணி. ஆணிக்காக நாக்கில் போடுகிற துளையை ஒரு நெல் உமி கனம் சிறகுப் பக்கமாகத் தள்ளிப் போட்டால், ஆணி இறங்க இறங்கச் சிறகை உடம்போடு இழுத்துக் கட்டும். தோளில் வருகிற இறகு வரிகளை மட்டும் சேர்த்த பிறகே செதுக்குவார்கள். வரி இரண்டு மரத்தையும் தாண்டி ஓடுவதால் சேர்ப்பு இருக்கிற இடம் தெரியாது.

எல்லாவற்றுக்கும் மேலே மாமா சொன்னது மரத்தின் காய்ச்சல். "உடம்பு கொஞ்சம் பச்சையா இருந்தாலும் பரவால்ல. சிறகு பச்சையா இருக்கக் கூடாது." காய்கிற மரம் நீளத்தில் சுருங்காது, அகலத்திலும் கனத்திலும்தான் சுருங்கும். சிறகு பச்சையாக இருந்தால், பின்னால் நாக்கு சுருங்கி வாயில் ஆட ஆரம்பிக்கும். சிறகு காய்ந்திருந்து உடம்பு பின்னால் காய்ந்தால், வாய் சுருங்கி நாக்கை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். இதற்காகச் சிறகுப் பலகையை ஒரு கோடை முழுக்கத் திண்ணையில் நிழலில் வைத்து, அப்புறம் மூன்று மாசம் அடுப்படிப் பரணில் போட்டு வைப்பார். "மூணு மாசம் பரண்" என்பது எங்கள் வீட்டு வேதம்.

2014-ல் மாமா காலமானார். அப்புறம் என் கணவரே சிறகும் வைத்தார். நன்றாகவே வைத்தார்.

* * *

2020-ல் ஊரடங்கு வந்து வேலை இல்லாமல் போன சமயத்தில்தான் அவருடைய கையில் ஏதோ சரியில்லை என்று எனக்குத் தெரிந்தது. ராத்திரியில் எழுந்து உட்கார்ந்து வலது கையை உதறிக்கொண்டிருப்பார். கேட்டால், "கை மேல படுத்துட்டேன்" என்பார். தினமும் ஒருவர் கை மேலேயே படுப்பாரா? சட்டைப் பொத்தானை இடது கையால் போட ஆரம்பித்தார். ஒரு நாள் கொட்டாப்புளி கையிலிருந்து நழுவி விழுந்தது. எங்களைப் பார்க்காமல் குனிந்து எடுத்தார். நானும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

வேலை மறுபடி வந்ததும் பிரச்சினையும் வந்தது. உடம்பு செதுக்கத் தோள் பலம் போதும், பழக்கம் போதும். சிறகு வைக்க விரல் நுனியில் உணர்ச்சி வேண்டும். நாக்கு வாயில் இறங்குகிறபோது எங்கே பிடிக்கிறது, எங்கே ஆடுகிறது என்று கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சொல்ல வேண்டும். அவருக்கு அந்த விரல்கள்தான் மரத்துப் போயிருந்தன.

2021-ல் உள்ளங்கை அளவுக் கிளி ஒரு ஜோடி செய்தார். உடம்பு தயார், சிறகு தயார். நாலு நாளாகச் சேர்க்காமலே பலகையில் கிடந்தன. அவர் எடுப்பார், பார்ப்பார், வைத்துவிடுவார். ஐந்தாம் நாள் ராத்திரி எல்லாரும் தூங்கின பிறகு, கண்மை டப்பாவை எடுத்துக்கொண்டு நான் உட்கார்ந்தேன். நாலு சிறகையும் வைத்து முடிக்க மணி இரண்டாகிவிட்டது.

காலையில் அவர் கிளியைக் கையில் எடுத்தார். திருப்பினார். சிறகைப் பிடித்து அசைத்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் விற்கிற சாமான்களோடு கொண்டுபோய் வைத்தார்.

அதுதான் எனக்குக் கிடைத்த சம்மதம். அதற்கப்புறம் சிறகு எல்லாம் ராத்திரியில்தான் ஏறின. அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வெளியே யாருக்கும் தெரியாது. "பொம்பளை வெச்ச சிறகு" என்று யாராவது சொல்லிவிட்டால், அவருடைய கை போய்விட்டது என்றும் சேர்த்துச் சொல்வார்கள் என்ற பயம் எங்கள் இரண்டு பேருக்கும் இருந்தது.

2022 ஆவணியில் ஒரு பெரிய வேலை வந்தது. பக்கத்துக் கிராமத்து அம்மன் கோயிலுக்கு அன்ன வாகனம். விரித்த சிறகு நுனிக்கு நுனி நாலு அடி. அந்த ஊரில் இரண்டு வருஷமாகத் திருவிழா நடக்காமல் இருந்து, அடுத்த பங்குனியில் நன்றாகச் செய்ய வேண்டும் என்று வீட்டுக்கு வீடு வரி போட்டு வசூல் செய்திருந்தார்கள். முன்பணம் கொடுக்கிறபோது ஊர்ப் பெரியவர், "உங்கப்பா செஞ்ச கருடனை நான் சின்ன வயசுல தோள்ல சுமந்திருக்கேன் ஆசாரி" என்றார்.

வாகைப் பலகை இரண்டு எடுத்தோம். கோடை பூராவும் திண்ணை நிழலில் கிடந்தவைதான். ஆவணியில் பரணில் ஏற்றினோம். கார்த்திகையில் இறக்கினோம். மூணு மாசம் பரண். மாமா சொன்ன கணக்கில் ஒரு நாள்கூடக் குறைக்கவில்லை. அவர் சிறகு செதுக்கினார். மார்கழிக் குளிரில் மூன்று ராத்திரி உட்கார்ந்து நான் சேர்த்தேன். நூல் பிடித்துப் பார்த்தேன், ஒரு இழைகூட வித்தியாசம் இல்லை. தை மாசம் மேளம் வைத்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் உள்ளே நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்?

பங்குனி வெயில் ஆரம்பித்தது. திருவிழாவுக்கு எட்டு நாள் இருக்கும்போது, ஒரு மத்தியானம் வாசலில் சின்ன லாரி வந்து நின்றது. அன்னம் திரும்பி வந்துவிட்டது. வலது சிறகை ஒரு வேட்டியால் உடம்போடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள், கை முறிந்தவர்களுக்குக் கட்டுகிற மாதிரி.

"துடைக்க எடுத்தோம் ஆசாரி, சிறகு ஆடுது" என்றார் பெரியவர். குரலை உயர்த்தவில்லை. அதுதான் ரொம்ப வலித்தது. "உங்கப்பா காலத்துல இப்படி ஆனதில்லையே. வேற ஆளை வெச்சுச் செஞ்சீங்களா?"

நான் நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"வேற ஆள் இல்லீங்க. தப்பு என்னோடதுதான். எனக்கு மூணு வருஷமா கை சரியில்லை. விரல்ல உணர்ச்சி இல்லை. யார்கிட்டயும் சொல்லலை."

மூன்று வருஷமாக என்னிடம்கூடச் சொல்லாத விஷயம்! அதைத் தெருவில், லாரிக்காரர் முன்னால் சொல்கிறார், எதற்காக? என் பேர் வெளியே வரக்கூடாது என்பதற்காக. எனக்குத் தொண்டையை அடைத்தது. ஆனாலும் அவர் செய்யாத தப்புக்கு அவர் தலையைக் குனிவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"இல்லீங்க ஐயா, சிறகு வெச்சது நான்தான்."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பெரியவர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், அன்னத்தைப் பார்த்தார்.

"யாரு வெச்சா என்னம்மா? அம்மன் ஏறி உட்காரணும், சிறகு நிக்கணும். எட்டு நாள்ல ஆகுமா, ஆகாதா?"

"ஆகும்" என்றேன். எந்த தைரியத்தில் சொன்னேனோ தெரியவில்லை.

* * *

மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்துச் சிறகை இழுத்ததும் கையோடு வந்துவிட்டது. சிறகில் குறை இல்லை. வெடிப்பும் இல்லை. நாக்குதான் சுருங்கியிருந்தது. வாய்க்கும் நாக்குக்கும் நடுவில் ஒரு தீக்குச்சி நுழைகிற சந்து. இடது சிறகும் லேசாக ஆட ஆரம்பித்திருந்தது. வைக்கிறபோது மரம் பச்சையாக இருந்திருக்கிறது என்று தெளிவாகத் தெரிந்தது. ஆனால் எப்படி? மூன்று மாசம் பரணில் இருந்ததே!

அவரும் நானும் அதையே திருப்பித் திருப்பிப் பேசிக்கொண்டிருந்தோம். மழைக்காலம் என்று சொன்னோம். மாமாவும் மழைக்காலத்தில் வைத்திருக்கிறாரே! மரம் மாறிவிட்டதோ என்று சொன்னோம். அதே வாகைதான்.

மூலையில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அத்தை தலையைத் தூக்கினார்.

"புகையே இல்லையே, மரம் எப்படிடி காயும்?"

எங்களுக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. அப்புறம் விளங்கியது.

மாமா காலத்தில் பரணுக்குக் கீழே விறகடுப்பு இருந்தது. காலையில் நாலரை மணிக்கு அத்தை பற்ற வைத்தால், வெந்நீர், காப்பி, சோறு, மாட்டுக்குப் புண்ணாக்குத் தண்ணீர் என்று பகல் வரைக்கும் எரியும். சாயங்காலம் மறுபடியும். மூன்று மாசம் அந்தச் சூடும் புகையும் மேலே ஏறிப் பலகையைக் காய வைத்தது. 2018-ல் அத்தைக்கு இழுப்பு அதிகமாகி, புகை ஆகாது என்று டாக்டர் சொன்னதும், விறகடுப்பை இடித்துவிட்டு கேஸ் அடுப்பு வைத்தோம். பரண் அப்படியே இருக்கிறது, பேர்தான் பரண். அதில் சூடு ஏது? அதற்கப்புறம் செய்ததெல்லாம் சின்னச் சின்னக் கிளியும் மைனாவும், மெல்லிசுப் பலகை என்பதால் தாமாகவே காய்ந்துவிட்டன. அன்னத்தின் இரண்டு அங்குலப் பலகைதான் எங்களைக் காட்டிக் கொடுத்தது.

"மூணு மாசம் பரண்" என்று மாமா சொன்னாரே தவிர, "மூணு மாசம் உங்க அத்தையோட அடுப்பு" என்று சொல்லவில்லை. அவருக்கே அது தோன்றியிருக்காது. நாற்பது வருஷம் அத்தை கண்ணெரிய ஊதின அடுப்புதான் இந்த வீட்டுச் சிறகுகளை நிற்க வைத்தது. யாரும் அதைக் கூலியில் சேர்க்கவில்லை, பேச்சிலும் சேர்க்கவில்லை. நானும் ஒரு பெண்தான், நாலு வருஷம் அந்த அடுப்படியிலேயே நின்று கேஸில் சமைத்தவள்தான், எனக்கும் தோன்றவில்லை.

அத்தை அதோடு விடவில்லை. "அந்த ஊறுகாய் ஜாடி வெச்சிருக்கிற பலகையைப் பாரு" என்றார்.

ஜாடிகளை இறக்கிப் பலகையைத் திருப்பினோம். அடியில் சுண்ணக்கட்டியால் "சி" என்று எழுதியிருந்தது. சிறகு என்பதற்கு மாமா போடுகிற குறி. என்றைக்கோ காய வைத்து எடுத்த பலகை, தேவைப்படாமல் ஊறுகாய்க்கு வந்துவிட்டது. தட்டினால் மண் பானை மாதிரி கணீரென்று சத்தம்.

அதிலிருந்து பாக்குச் சீவல் மாதிரி மெல்லிய தகடுகள் சீவிக் கொடுத்தார் என் கணவர். நாக்கிலிருந்த பழைய பசையை நான் சுத்தமாகச் சுரண்டி எடுத்தேன். பழைய பசை மேல் புதுப் பசை பிடிக்காது. நாக்கின் இரண்டு பக்கமும், ரேகை ஒரே வாக்கில் இருக்கும்படி தகட்டை ஒட்டி, இறுக்கிக் கட்டி, ஒரு ராத்திரி முழுக்க விட்டோம். மறுநாள் கண்மை டப்பா வந்தது. இந்தத் தடவை ராத்திரியில் இல்லை. பட்டப்பகலில், திண்ணையில் உட்கார்ந்தேன். அவர் பறவையைப் பிடித்துக்கொண்டார். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும்!

வலது சிறகுக்குப் பதினேழு தடவை, இடதுக்குப் பன்னிரண்டு தடவை. கடைசியில் நாக்கு "ம்" என்று சொல்கிற மாதிரி ஒரு சத்தத்தோடு உள்ளே இறங்கியது. ஆறாம் நாள் அன்னம் ஊருக்குப் போயிற்று. திருவிழாவுக்கு நாங்களும் போனோம். நாலு பேர் தோளில் அன்னம் குலுங்கிக் குலுங்கி வந்தபோது நான் அம்மனைக் கும்பிடவில்லை, சிறகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மன் மன்னிப்பாள். அதற்கப்புறம் வந்த பங்குனிகளிலும் அந்தச் சிறகு ஆடவில்லை.

* * *

திருவிழா முடிந்த மறுவாரமே அவரை அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனேன். மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருக்கிறது, வருஷக்கணக்காகக் கொட்டாப்புளி பிடித்து ஓங்கி அடிக்கிறவர்களுக்கு இப்படி வருவது உண்டு என்றார் டாக்டர். முதலில் ராத்திரியில் மணிக்கட்டை நேராக வைக்கிற பட்டை கொடுத்தார்கள். அது போதாமல் 2023 ஆடியில் சின்ன அறுவை சிகிச்சை செய்தார்கள். ராத்திரி வலி நின்றுவிட்டது. விரலில் உணர்ச்சி பாதிதான் திரும்பியிருக்கிறது. "முன்னாலேயே வந்திருந்தா முழுசாத் திரும்பியிருக்கும்" என்றார் டாக்டர். சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் யாராவது ராத்திரி எழுந்து கையை உதறிக்கொண்டிருந்தால், கட்டை விரலும் பக்கத்து விரல்களும் மரத்துப் போகிறது என்றால், "கை மேல படுத்துட்டேன்" என்பதை நம்பாதீர்கள். நான் மூன்று வருஷம் நம்பின மாதிரி நடித்தேன். அந்த மூன்று வருஷம் திரும்பி வராது.

விறகடுப்பைத் திரும்ப வைக்கலாமா என்று அவர் ஒரு தடவை கேட்டார். கூடவே கூடாது என்றேன். சிறகு காய்வதற்காக அத்தையின் நெஞ்சை எரிக்க முடியாது. இப்போது சிறகுப் பலகையைக் காற்று வருகிற மாடிப்படி அடியில், பலகைக்கும் பலகைக்கும் குச்சி கொடுத்து அடுக்கி வைக்கிறோம். முனை சீக்கிரம் காய்ந்து வெடிக்காமல் இருக்க இரண்டு முனையிலும் மெழுகு பூசிவிடுவோம். மாசக் கணக்கு கிடையாது. வடாம் காய்ந்ததா என்று நாம் நாள் எண்ணியா பார்க்கிறோம், எடுத்துப் பார்த்துத்தானே சொல்கிறோம்? அதே மாதிரி வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை பலகையைத் தராசில் நிறுத்தி, பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். ஈரம் போகப் போக எடை குறையும். தொடர்ந்து நாலு வாரம் எடை குறையாமல் நின்றால்தான் பலகையின் அடியில் "சி" போடுவேன். சிலது ஒரு வருஷத்துக்கு மேலேயும் எடுத்துக்கொள்கிறது. எடுத்துக்கொள்ளட்டும். உப்புத்தாள் தேய்க்கிறபோது மூக்கில் துணி கட்டிக்கொள்கிறோம், தூளைக் கூட்டாமல் ஈரத் துணியால் துடைத்து எடுக்கிறோம். புகையை வெளியேற்றிவிட்டுத் தூளை உள்ளே விடுவானேன்?

நோட்டில் எடை எழுதுகிற வேலையை இப்போது அத்தை கேட்டு வாங்கிக்கொண்டார். எழுதத் தெரியாது, நான்தான் எழுத வேண்டும். ஆனால் தராசு முள்ளைப் பார்த்து, "இன்னும் இருக்கு ஈரம், உள்ளே வை" என்று சொல்வது அவர்தான்.

திண்ணைக்கு வருகிறவர்கள் இன்றைக்கும் அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் செய்கிறார்கள். போன வாரம்கூட ஒருவர் சிறகு விரித்த அன்னத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒட்டு இல்லாததுதானே?" என்றார்.

என் கணவர் உளியைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார். "உடம்பு ஒரே கட்டைங்க. சிறகுல மட்டும் சேர்ப்பு இருக்கு. அதை வெச்சவங்க உள்ளே ரசம் வெச்சுட்டிருக்காங்க. கூப்பிடட்டுமா?"